பழைய ஸ்டாக் ஸ்போர்ட்ஸ் கார்: பேரத்தை எங்கிருந்து தொடங்குவது?

1970-இல் அமெரிக்காவின் பிளைமவுத் டீலர்களுக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு விசித்திரமான கார் வந்து இறங்கியது. முன்பக்கம் கூம்பாக நீண்ட மூக்கு. பின்பக்கம் டிக்கிக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஓர் இறக்கை. பெயர் சூப்பர்பேர்ட். நாஸ்கார் பந்தயத்தில் ஒரு கார் ஓட வேண்டுமென்றால் அதைப் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு இரண்டு டீலருக்கு ஒரு கார் என்ற கணக்கில் செய்தாக வேண்டியிருந்ததால், 1,900-க்கும் அதிகமாகச் செய்தார்கள். ஃபோர்டுக்குப் போய்விட்ட பந்தய வீரர் ரிச்சர்ட் பெட்டியைப் பிளைமவுத்துக்குத் திரும்ப வரவழைத்த கார் அது. பந்தயத்தில் பறந்தது, ஷோரூமில் அசையவில்லை. சுமார் 4,300 டாலர் கொடுத்து அந்த மூக்கையும் இறக்கையையும் வீட்டு வாசலில் நிறுத்தப் பலருக்கு மனம் வரவில்லை. சில டீலர்கள் இரண்டையும் கழற்றிப் போட்டு, அதன் சாதாரண வடிவமான ரோட் ரன்னராக மாற்றி விற்றுத் தீர்த்தார்கள். வேறு சிலரிடம் 1972 வரைகூடப் புதிய சூப்பர்பேர்ட் நின்றது. இன்று ஹெமி இன்ஜின் கொண்ட சூப்பர்பேர்ட் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது.

கார் பிரியர்கள் ஆசை ஆசையாகச் சொல்லும் கதை இது. ஆனால் விற்காமல் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகப் பெரும்பாலானவை பின்னாளில் பொக்கிஷமாவதில்லை. அவை ஓராண்டு, இரண்டாண்டு யார்டில் நிற்கும். பிறகு யாரோ ஒருவர் நல்ல தள்ளுபடியில் எடுத்துப் போவார். அந்த ஒருவருக்குக் கிடைத்தது லாபமா, தலைவலியா என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரு தரப்பு சொல்வதில் நியாயம் உண்டு. மீட்டரில் ஐம்பது மைல்கூட இருக்காது, முந்தைய உரிமையாளர் கிடையாது, வாரண்டி முழுதாக இருக்கிறது, விலையும் இறங்கியிருக்கிறது, பிறகென்ன? எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு. டயர் இறுகியிருக்கும், பேட்டரி செத்துப் பிழைத்திருக்கும், வந்து போனவர்களெல்லாம் குளிர்ந்த இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்திருப்பார்கள். இரண்டு தரப்பும் பேசுவது ஒரே காரைப் பற்றித்தான். முடிவு சொல்ல வேண்டியது விலை. அந்த விலையை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள்.

ஒரு கார் ஏன் நின்றது என்பதிலிருந்து தொடங்கலாம். காரின் தரத்துக்கும் அது விற்காமல் போவதற்கும் பல நேரங்களில் தொடர்பே இருப்பதில்லை. ஜாகுவார் எக்ஸ்.ஜே.220 இதற்கு நல்ல சான்று. 1988-இல் பர்மிங்காம் கண்காட்சியில் வி12 இன்ஜினோடும் நான்கு சக்கர இயக்கத்தோடும் காட்டினார்கள். 50,000 பவுண்டு முன்பணம் கட்ட ஆட்கள் முண்டியடித்தார்கள். 1992-இல் கைக்கு வந்தபோது அதில் இருந்தது இரட்டை டர்போ வி6. இயக்கம் பின்சக்கரங்களுக்கு மட்டும். 2,90,000 பவுண்டு என்று பேசிய விலை, பணவீக்கத்தோடு கட்டப்பட்டிருந்ததால் 4,70,000 வரை ஏறிவிட்டது. இடையில் பொருளாதார மந்தமும் வந்தது. முன்பணம் கட்டியவர்கள் பின்வாங்கினார்கள், வழக்குகள் நடந்தன. 280-ஐ ஒட்டிய எண்ணிக்கையோடு உற்பத்தி நின்றது. கடைசியாகத் தேங்கிய சிலவற்றை 1997-இல் சுமார் 1,27,000 பவுண்டுக்குக் கூவி விற்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பந்தய வீரர் மார்ட்டின் பிரண்டில் இத்தாலியின் நார்டோ தடத்தில் மணிக்கு 217 மைல் வேகம் தொட்ட கார் அது. குறை காரில் இல்லை. சொன்ன வாக்கிலும் வந்த காலத்திலும் இருந்தது.

டாட்ஜ் வைப்பரின் கதை வேறு. 2013 மாடலாகத் திரும்பி வந்தபோது 8.4 லிட்டர் வி10, கையால் மாற்றும் கியர், 640 குதிரைத்திறன். வாங்க நினைத்தவர்கள் செவ்ரோலே கார்வெட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தயங்கினார்கள். 2014-இல் ஸ்டாக் தேங்கியதால் டெட்ராய்ட் கானர் அவென்யூ தொழிற்சாலையைச் சில வாரங்கள் மூடினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் விலையை ஒரே வீச்சில் 15,000 டாலர் குறைத்து 84,995-க்குக் கொண்டுவந்தார்கள். 2017 ஆகஸ்டில் உற்பத்தியே முடிந்தது. அதற்குப் பிறகும் நிறுவனத்தின் விற்பனை அறிக்கைகளில் ஆண்டுதோறும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வைப்பர்கள் 'புதிய கார் விற்பனை' என்ற கணக்கில் வந்துகொண்டே இருந்தன.

அக்யூரா என்.எஸ்.எக்ஸ். இன்னும் வினோதம். ஓஹையோவில் தனித் தொழிற்சாலை கட்டி, மூன்று மின் மோட்டார்களோடு செய்த கலப்பின ஸ்போர்ட்ஸ் கார். தொடக்க விலை 1,56,000 டாலர். அமெரிக்காவில் 2017-இல் 581 விற்றன, 2018-இல் 170 மட்டும். டீலர்களிடம் நின்றவற்றுக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி அறிவிக்கும் நிலை வந்தது. 2022-இல் "இதுதான் கடைசி" என்று சொல்லி டைப் எஸ் பதிப்பை 350 கார்கள் மட்டும் கொண்டுவந்தபோது, கூடுதல் விலையிலும் அவை உடனே விற்றுத் தீர்ந்தன. ஏறக்குறைய அதே கார்தான். இனிக் கிடைக்காது என்ற செய்தி சேர்ந்தது, அவ்வளவே.

டீலரின் பேராசையால் நிற்கும் கார்களும் உண்டு. 2022-23-இல் புதிய நிசான் இசட் வந்தபோது பல டீலர்கள் ஸ்டிக்கர் விலைக்கு மேல் பல ஆயிரம் டாலர் ஏற்றி எழுதினார்கள். ஆரம்ப ஆர்வம் வடிந்ததும் அதே கார்கள் யார்டில் நின்று தள்ளுபடிக்கு வந்தன. தயாரிப்பாளர் தன் கணக்கை அழகாக்க டீலர் தலையில் காரைக் கட்டுவதும் நடக்கும். டீலருக்கு அனுப்பிய கையோடு தயாரிப்பாளரின் புத்தகத்தில் அது விற்பனை ஆகிவிடுகிறது. ஆஸ்டன் மார்ட்டின் 2020-இல் தொழிலதிபர் லாரன்ஸ் ஸ்ட்ரோலின் கைக்கு வந்தபோது, டீலர்களிடம் மலையாய்க் குவிந்திருந்த ஸ்டாக்கைக் கரைப்பதற்காகவே உற்பத்தியை வெட்ட வேண்டியிருந்தது.

இவையெல்லாம் இல்லாமல், வெறுமனே யாரும் விரும்பாத நிறத்திலோ கியரிலோ டீலர் ஆர்டர் போட்ட காரும் நிற்கும். வாங்குபவருக்கு அந்த நிறம் பிடித்திருந்தால் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆனால் பின்னால் விற்கும்போது அதே நிறம் அவரையும் காக்க வைக்கும்.

இனி டீலரின் பக்கம். ஷோரூமில் மின்னும் கார்களை டீலர் தன் சொந்தப் பணத்தில் வாங்கி நிறுத்தியிருக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படியில்லை. ஒவ்வொரு காரும் ஃப்ளோர் பிளான் என்ற கடனில் நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து கார் கிளம்பும்போதே கடன் கொடுக்கும் நிறுவனம் தயாரிப்பாளருக்குப் பணம் கட்டிவிடும். கார் விற்றதும் டீலர் அசலைத் திருப்புவார். நடுவில் ஓடுவது வட்டி. முதல் சில மாத வட்டிக்குத் தயாரிப்பாளரே ஓரளவு கைகொடுப்பதுண்டு. அந்த உதவி தீர்ந்த பிறகு மீட்டர் டீலரின் சட்டைப்பையில் ஓடுகிறது. காலம் இன்னும் நீண்டால், கார் விற்காமலே அசலில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லிக் கடன்காரர் நெருக்குவார்.

எண்களில் பார்ப்போம். டீலர் 85,000 டாலருக்கு எடுத்த ஒரு காருக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 6,800 டாலர். மாதம் சுமார் 567 டாலர். பதினெட்டு மாதம் நின்றால் 10,200. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2021-இல் பூஜ்யத்தை ஒட்டி இருந்து, 2023 ஜூலைக்குள் 5.25 - 5.50 சதவீதத்துக்கு ஏறியது. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு யார்டில் நின்ற காரைப் பற்றிக் கவலைப்படாத டீலர்கள்கூட அதன் பிறகு நாட்களை எண்ணத் தொடங்கினார்கள்.

வாங்க வருபவர் இங்கே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுகிறார். "இந்தக் கார் உங்களுக்கு ஏற்கெனவே பத்தாயிரம் டாலர் வட்டி தின்றுவிட்டது, அதை எனக்குக் கழியுங்கள்" என்று பேசுகிறார். டீலருக்கு அது போன பணம். கழித்தாலும் வராது, கழிக்காவிட்டாலும் வராது. டீலரை அசைப்பது இனி வரப்போகும் வட்டி. இந்த மாதம் விற்றால் அடுத்த மாதத்து 567 டாலரும், அடுத்து கட்ட வேண்டிய அசலின் பகுதியும் மிச்சம். புது மாடல் ஆண்டு இறங்கிவிட்டால் இதன் மதிப்பு இன்னும் சரியும் என்ற பயமும் உண்டு. ஆகவே மாதக் கடைசியும், அடுத்த மாடல் லாரியில் வந்து இறங்கும் வாரமும் பேரத்துக்கு உகந்தவை. கடன் இல்லாமல் சொந்தப் பணத்தில் காரை வைத்திருக்கும் டீலரிடம் இந்த வாதம் எதுவும் எடுபடாது. அரிய காரை ஷோரூமுக்கு அழகாகவே வைத்திருக்கும் டீலர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விலையைக் குறைக்கவே மாட்டார்கள்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். பழைய மாடல் ஆண்டின் கார்களைத் தீர்க்கத் தயாரிப்பாளர் டீலருக்கு நேரடியாக ஊக்கத்தொகை கொடுப்பதுண்டு. வாடிக்கையாளர் சலுகை விளம்பரத்தில் வரும். டீலருக்கான தொகை விளம்பரத்தில் வராது. காரின் அடையாள எண்ணைச் சொல்லி, "இதன் மேல் டீலருக்கு என்ன தொகை இருக்கிறது?" என்று நேரடியாகக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அடுத்து காகிதம். இரும்பை ஆராய்பவர்கள் பலர் காகிதத்தை ஆராய்வதில்லை. பெரிய பணம் போவது இங்கேதான்.

அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலைச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்று 1958-இல் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரிலேயே அந்தச் சீட்டை அழைக்கிறார்கள். அதில் இருப்பது மாடல் ஆண்டு. கார் உண்மையில் எந்த மாதம் செய்யப்பட்டது என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தகட்டில் இருக்கும். 2023 மாடல் என்று எழுதிய கார் 2022-இன் நடுவில் செய்யப்பட்டிருக்கலாம். பதினேழு எழுத்து கொண்ட அடையாள எண்ணில் பத்தாவது எழுத்தும் மாடல் ஆண்டைச் சொல்லும். டயருக்கும் பேட்டரிக்கும் கதவுத் தகட்டின் தேதிதான் பொருள் உள்ள தேதி.

வாரண்டி பொதுவாகச் செய்த நாளிலிருந்து ஓடுவதில்லை. முதன்முதலில் விற்ற அல்லது பயன்பாட்டுக்கு எடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. அதனால்தான் இரண்டு வருடம் நின்ற காருக்கும் மூன்று ஆண்டு வாரண்டி முழுதாகக் கிடைக்கும் என்று டீலர் சொல்கிறார். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் அந்தக் காரை இடையில் டீலர் டெமோ வண்டியாகப் பதிந்திருந்தால், சர்வீஸ் வாடிக்கையாளருக்கு மாற்று வண்டியாகக் கொடுத்திருந்தால், அல்லது மாத இலக்கை எட்டுவதற்காக 'விற்றாயிற்று' என்று கணினியில் அழுத்தியிருந்தால் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கியிருக்கும்.

இது வெறும் சந்தேகம் இல்லை. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2012 முதல் 2016 வரை விற்பனை எண்ணிக்கையை உப்ப வைத்துக் காட்டியது என்ற குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள 2019 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 4 கோடி டாலர் கட்டியது. போலி விற்பனையைப் பதிவு செய்ய டீலர்களுக்குப் பணம் போனது என்று ஆணையம் சொன்னது. ஓராண்டு கழித்து பி.எம்.டபிள்யூ இதே வகையான புகாரில் 1.8 கோடி டாலர் கட்டியது. டெமோ வண்டிகளையும் மாற்று வண்டிகளையும் சில்லறை விற்பனைபோல் காட்டினார்கள் என்பது அங்கே எழுந்த புகார். பிரிட்டனில் இதே காரியம் ஒளிவுமறைவின்றி நடக்கிறது. டீலர் இலக்குக்காகத் தன் பெயரிலேயே காரைப் பதிவு செய்வார். வாங்குபவர் ஆவணத்தில் இரண்டாவது ஆளாகத்தான் வருவார். வாரண்டியில் சில மாதங்கள் போயிருக்கும். அதற்கேற்ப விலையும் குறைவாக இருப்பதால் அங்கே யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

ஆக, அதே பிராண்டின் வேறொரு டீலரிடம் அடையாள எண்ணைக் கொடுத்து, வாரண்டி தொடங்கிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது ஐந்து நிமிட வேலை. தொடங்கியிருந்தால் அந்தக் கார் 'புதியது' என்ற விலையைக் கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறது. திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவும் பாக்கியிருக்கிறதா என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் பதிவேட்டிலும் இதே எண்ணைக் கொண்டு பார்க்கலாம். அறிவிப்பு பாக்கியுள்ள புதிய காரை, சரிசெய்யாமல் ஒப்படைக்க அந்நாட்டுச் சட்டம் டீலரை விடாது. பழைய காருக்கு மத்தியச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. புதிய கணக்கில் வாங்குவதில் உள்ள உண்மையான அனுகூலங்களில் இதுவும் ஒன்று.

இப்போது இரும்பும் ரப்பரும். நின்ற காரில் முதலில் மூப்படைவது டயர். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் எந்த ஆண்டின் எந்த வாரத்தில் அது செய்யப்பட்டது என்று சொல்லும். 2321 என்றால் 2021-இன் 23-ஆம் வாரம். பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன; தேய்மானம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பொருட்டில்லை. ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் கூர்மையான விஷயம். அதிகப் பிடிமானத்துக்காகச் செய்த கோடைக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரில் கண்ணாடிபோல் இறுகும். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே அதை உருட்டினாலே வெடிப்பு விழலாம் என்று டயர் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. மிச்சிகனிலோ மின்னசோட்டாவிலோ இரண்டு பனிக்காலம் வெட்டவெளி யார்டில் நின்று, அவ்வப்போது இடம் மாற்றப்பட்ட காரின் டயர்களைக் குனிந்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று தட்டையான பகுதி, கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியாகிவிட்டால் பயமில்லை. அரைமணி நேரம் ஓட்டிய பிறகும் ஸ்டீயரிங் நடுங்கினால் அது நிரந்தரமாக அமுங்கிப்போன டயர்.

இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு 2013 நவம்பர் 30-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவில் நடந்த விபத்து கசப்பான சாட்சி. நடிகர் பால் வாக்கர் பயணியாக அமர்ந்திருந்த போர்ஷே கரேரா ஜி.டி. அதிக வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்ததில், அவரும் காரை ஓட்டியவரும் இறந்தார்கள். காரணம் வேகம்தான் என்று புலனாய்வு சொன்னது. கூடவே, டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்றும், அந்த வயது காரின் கையாளலைக் குறைத்திருக்கலாம் என்றும் பதிவு செய்தது. அது 2005-இல் செய்த கார். மிகக் குறைவாகவே ஓடியிருந்தது. மீட்டரில் உள்ள சின்ன எண் ரப்பரின் வயதைக் குறைப்பதில்லை.

பேட்டரி அடுத்தது. இன்றைய காரில் பூட்டி வைத்தாலும் அலாரமும் கணினிகளும் சொட்டுச் சொட்டாய் மின்சாரம் குடிக்கும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் ஈய அமில பேட்டரி 12.4-க்குக் கீழே நாட்கணக்கில் கிடந்தால், தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்திறன் குறையத் தொடங்கும். பிறகு ஜம்ப் கொடுத்துக் கிளப்பினாலும் பழைய பலம் வராது. ஷோரூம் கார் சார்ஜரில் செருகியிருந்ததா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பேட்டரி வலுவிழந்த காரில் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியும்; சென்சார்கள் தப்புத் தப்பாகப் பேசும். டெலிவரிக்கு முன் புதிய பேட்டரி போட்டுக் கொடுப்பது டீலருக்குச் சின்னச் செலவு. கேட்டால் கொடுப்பார்கள், கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். நகரத்தில் அலுவலகம் போய்வருபவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். மலைப்பாதையிலோ பந்தயத் தடத்திலோ பிரேக்கைத் தொடர்ந்து சூடாக்குபவருக்கு, பெடல் திடீரென்று தரையோடு அமுங்குவதாகத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். வார்ப்பிரும்புத் தட்டில் படிந்த மேலோட்டமான துரு நாலு பிரேக் பிடித்தால் போய்விடும். பேட் ஒட்டிக்கொண்டு பள்ளமாக அரித்திருந்தால் தட்டையே மாற்ற வேண்டும்.

பெட்ரோலும் கெடும். அமெரிக்க பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். இந்தியாவில் இப்போது 20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரியும். ஓராண்டாகத் தொடாத டாங்கை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்வதே உத்தமம்.

இங்கே நல்ல எண்ணத்தில் செய்யும் ஒரு கெடுதலைச் சொல்லியே ஆக வேண்டும். வாரம் ஒருமுறை காரைக் கிளப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது பல யார்டுகளில் வழக்கம். இன்ஜின் முழுச் சூடு அடைவதற்குள் அணைத்தால், எரிப்பில் உண்டான நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். பத்து மைல் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துவது நல்லது. முடியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. சில அமெரிக்கக் கார்கள் இன்ஜின் ஓடிய மணிநேரத்தைத் திரையில் காட்டும். 60 மைல் ஓடிய கார் 40 மணிநேரம் காட்டினால், அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது என்று பொருள். போர்ஷே கணினியோ, இன்ஜின் அனுமதித்த சுழற்சியைத் தாண்டிய தருணங்களைத் தரம் பிரித்துப் பதிந்து வைக்கும். அந்த அறிக்கையை அச்செடுத்துத் தர போர்ஷே டீலருக்குச் சில நிமிடம் போதும்.

மற்றவை சின்னவை, ஆனால் விட்டுவிடக் கூடாதவை. மேற்கூரை திறக்கும் காரில் மழைநீர் வடியும் குழாய் இலையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தரைக்கம்பளத்தின் கீழுள்ள மின்பெட்டிகளுக்குப் போகும். கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். பானெட்டுக்குள் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அழுக்குத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்த கருப்பு பெயின்ட் வெயிலில் சிலந்தி வலைக் கீறல்களைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவில் இதே கேள்வி கொஞ்சம் வேறு உருவில் வருகிறது. இங்கே பதிவுச் சான்றிதழிலேயே தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சாகிறது. பின்னாளில் கைமாறும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். டிசம்பரில் செய்த காரை ஜனவரியில் வாங்கினாலும் ஓர் ஆண்டு குறைவாகவே மதிப்பிடுவார்கள். போதாததற்கு, புகை விதிகள் மாறும் தேதி ஒரு வாள்போல் தொங்கும். 2018 அக்டோபர் 24-இல் உச்ச நீதிமன்றம், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 என்ற பழைய புகை விதிப்படி செய்த வாகனங்களை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று தீர்ப்பளித்தது. கடைசி வாரத்தில் ஊரடங்கு வந்து விழ, டீலர்களிடம் நின்ற வண்டிகள் சட்டப்படி சாலைக்கே வர முடியாத சரக்காக மாறும் நிலை வந்தது. நம் ஊரில் தேங்கிய காரை வாங்குபவர் அடுத்த விதி எப்போது அமலாகிறது என்பதையும் பதிவு எந்தத் தேதிக்குள் முடியும் என்பதையும் டயரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ. இந்தியச் சாலைகளுக்கு வந்த கதை நினைவுகூரத் தக்கது. 2016-இன் இறுதியில், 99 கார்கள் மட்டும் என்ற அறிவிப்போடு, முழுதாக இறக்குமதி செய்த மூன்று கதவுக் காராக ஏறத்தாழ 26 லட்ச ரூபாய் எக்ஸ் ஷோரூம் விலையில் வந்தது. 1.8 லிட்டர் டர்போ, 192 குதிரைத்திறன்; ஓட்டியவர்கள் உருகினார்கள். ஆனால் சாதாரண போலோவின் முகம் கொண்ட காருக்கு அந்த விலையா என்று சந்தை ஒதுங்கிக்கொண்டது. 99 கூட விற்கவில்லை. அடுத்த ஆண்டு சுமார் ஆறு லட்சம் குறைத்து 20 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதல் விலையில் வாங்கியவரும் ஆறு லட்சம் குறைவாக வாங்கியவரும் இன்று அதே காரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பொறுத்தவர்களுக்குப் பெரும் புதையல் கிடைத்த கார்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது. லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. 2010 முதல் 2012 வரை 500 மட்டுமே செய்யப்பட்டது. யமஹா கைவைத்த 4.8 லிட்டர் வி10. விலை 3,75,000 டாலர். லெக்ஸஸ் பெயருக்கு அவ்வளவு பணமா என்று செல்வந்தர்களே தயங்கினார்கள். உற்பத்தி முடிந்து ஐந்து ஆண்டு ஆன பிறகும், 2017-இல், அமெரிக்க டீலர்களிடம் 12 புதிய கார்கள் நின்றன. இன்று அதன் நூர்பர்க்ரிங் பதிப்பு பத்து லட்சம் டாலருக்கு மேல் போகிறது. கரேரா ஜி.டி.யும் அப்படியே: 1,500 செய்யத் திட்டமிட்டு 1,270-உடன் நிறுத்தினார்கள், ஒருகாலத்தில் 4,40,000 டாலர் ஸ்டிக்கருக்குக் கீழே கிடைத்தது, இப்போது அதன் பல மடங்கு. ஆனால் இவற்றின் பொதுக்கூறுகளைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை சில நூறு அல்லது ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. இன்ஜின் வேறெங்கும் கிடைக்காதது. அந்த வகைக் கார் இனிச் செய்யப்படப் போவதில்லை. இந்த மூன்றும் கூடாத ஒரு மஸ்டாங்கையோ நிசான் இசட்டையோ "நாளைக்கு விலை ஏறும்" என்று சொல்லி விற்கும் விற்பனையாளரின் பேச்சை நம்பி ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. மேலும், அத்தகைய காரையும் ஓட்டாமல் பூட்டி வைத்தால்தான் விலை ஏறும். ஓட்டத் தெரிந்தவருக்கு அது தண்டனை.

அப்படியானால் நியாயமான விலை எது? பெரும்பாலானோர் ஸ்டிக்கர் விலையில் நின்றுகொண்டு கீழ்நோக்கிப் பேசுகிறார்கள். 90,000-இல் பத்து சதவீதம் குறைத்தார்கள், பன்னிரண்டு குறைத்தார்கள் என்று மகிழ்கிறார்கள். தேங்கிய காருக்கு அது தவறான தொடக்கம். அதே மாடல் ஆண்டில், எட்டாயிரம் பத்தாயிரம் மைல் ஓடிய பழைய கார் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நாளை விற்கும்போது வங்கியும் இன்சூரன்ஸும் அடுத்த வாடிக்கையாளரும் பார்க்கப்போவது அந்த ஆண்டைத்தான். அந்த விலையிலிருந்து மேல்நோக்கி ஏற வேண்டும். முழு வாரண்டிக்கு இவ்வளவு, முன் உரிமையாளர் இல்லாததற்கு இவ்வளவு, முதல் ஆயிரம் மைலைத் தானே பக்குவமாக ஓட்டிப் பழக்கும் வாய்ப்புக்கு இவ்வளவு என்று கூட்டி, டயர், பேட்டரி, திரவங்கள் புதிதாகப் போடும் செலவைக் கழிக்க வேண்டும். ஒரு பழைய கார் 70,000-க்குப் போகிறது, வாரண்டிக்கும் புதுமைக்கும் 6,000 தரலாம், டயருக்கும் மற்றவற்றுக்கும் 3,000 ஆகும் என்றால், நியாயமான விலை 73,000. டீலர் 79,000 என்று சொல்லி, 90,000 ஸ்டிக்கரைக் காட்டிப் பதினொரு ஆயிரம் தள்ளுபடி என்று பெருமைப்படலாம். அந்த ஸ்டிக்கர் இரண்டு வருடத்துக்கு முந்தைய சந்தையின் விலை.

இந்தக் கணக்கில் சில கார்கள் தோற்கும். பழைய காரே ஸ்டிக்கரைத் தொட்டு விற்கும் அளவுக்குக் கிராக்கி உள்ளது என்றால், தேங்கிய புதிய கார் ஸ்டிக்கர் விலையிலேயே லாபம். ஆனால் அப்படிப்பட்ட கார் ஏன் தேங்கியது என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்க வேண்டும்.

பேசி முடித்த எல்லாவற்றையும் கையெழுத்திட்ட காகிதத்தில் வாங்க வேண்டும்: நான்கு டயரும் எந்த ஆண்டுக்குப் பிந்தியவையாக இருக்கும், பேட்டரி, ஆயில், பிரேக் திரவம் மாற்றிய ரசீது, வாரண்டி தொடங்கும் தேதி, பாக்கியுள்ள மென்பொருள் மேம்பாடுகள். அமெரிக்க டீலர்கள் இதற்கென்றே படிவம் வைத்திருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பு, சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கவும் அனுமதி கேட்கலாம். புதிய காருக்கு இது எதற்கு என்று டீலர் கேட்டால், கதவுத் தகட்டில் உள்ள தேதியைக் காட்டினால் போதும். மறுத்தால் கிளம்பிவிடலாம். விற்காத மாடல் ஒரு டீலரிடம் மட்டும் நிற்பது அபூர்வம்; அதே கார், ஒருவேளை பிடித்த நிறத்திலேயே, பக்கத்து மாநிலத்திலும் வட்டி ஏறிக்கொண்டு நிற்கும்.